பொலிகொன்: கவிஞர் மூடவைத்த வாசலும் முடியாத கணக்கும்

ஓகஸ்ட் மாதம் பிறந்தால் ஹிரோஷிமா, நாகசாகி பற்றிய கட்டுரைகளை எமது பத்திரிகைகளிலும் இணையத்தளங்களிலும் காணலாம். அதே மாதத்தின் 29ஆம் திகதி அணுவாயுதப் பரிசோதனைகளுக்கு எதிரான சர்வதேச தினம் என்பது பலருக்குத் தெரியாது. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை அந்தத் தினத்தைப் பிரகடனம் செய்தது. யோசனையைக் கொண்டுவந்த நாடு கஸகஸ்தான். அந்தத் திகதிக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் மக்களின் எழுபது வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. பலஸ்தீனம், கஷ்மீர், பொஸ்னியா என்று தூரத்துச் சகோதரர்களின் துயரங்களைப் பேசும் நாங்கள் இந்தக் கதையை ஏனோ பேசுவதில்லை.

1949 ஓகஸ்ட் 29 காலை, கிழக்குக் கஸகஸ்தானின் புல்வெளியில் சோவியத் ஒன்றியம் தனது முதலாவது அணுகுண்டை வெடிக்க வைத்தது. அன்று தொடக்கம் 1989 வரையான நாற்பது வருடங்களில் அதே நிலப்பரப்பில் 456 பரிசோதனைகள் நடந்தன. அவற்றுள் 116 நிலத்துக்கு மேலே, திறந்த வெளியில் நடந்தவை. 340 நிலத்துக்குக் கீழே, மலைச் சுரங்கங்களிலும் ஆழ்துளைகளிலும் நடந்தவை. பரிசோதனைத் தளத்தின் பரப்பு ஏறத்தாழ 18,500 சதுர கிலோமீற்றர். எமது கிழக்கு மாகாணத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இத்தகைய தளத்துக்கு ரஷ்ய மொழியில் 'பொலிகொன்' என்று பெயர். அங்குள்ள மக்களும் இன்று வரை அந்த ஒரு சொல்லால்தான் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

மனித நடமாட்டம் இல்லாத பகுதி என்று காட்டித்தான் அந்த இடம் தெரிவு செய்யப்பட்டது. உண்மையில் பொலிகொனின் எல்லையை அடுத்து ஷிங்கிஸ்தாவு மலைகள் இருக்கின்றன. நவீன கஸாக் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் அபாய் குனன்பாயேவ் 1845இல் பிறந்தது அங்கேதான். செமிபலாடின்ஸ்க் நகரின் அஹ்மத் ரிஸா மத்ரஸாவில் அரபும் பாரசீகமும் படித்து, பின்னர் ரஷ்ய இலக்கியத்திலும் ஆழ்ந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையை நாவலாக எழுதிய முக்தார் அவெசோவ் பிறந்ததும் அதே மண்தான். ஆட்டு மந்தைகளோடும் குதிரைகளோடும் புல்வெளியில் இடம் மாறி வாழ்ந்த மக்களின் குளிர்காலக் குடியிருப்புகளும் மையவாடிகளும் அங்கெல்லாம் பரவிக் கிடந்தன. ஓர் இலக்கியத்தின் பிறந்த வீட்டு முற்றத்தில்தான் அந்தக் குண்டுகள் வெடித்தன.

நான் பல வருடங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவன். அந்தப் பழக்கத்தில், இந்த இடத்தில் சற்று நின்று விளக்க வேண்டியிருக்கிறது.

நிலத்துக்கு அண்மையில் ஒரு குண்டு வெடித்தால் அது மண்ணைத் தூக்கி மேலே எறிகிறது. வெடிப்பில் உண்டான கதிரியக்கப் பொருட்கள் அந்த மண் துகள்களில் ஒட்டிக்கொண்டு, காற்று போகும் திசையில் போய், எங்கோ ஓரிடத்தில் விழுகின்றன. முதலாவது குண்டின் மேகம் வடகிழக்கே நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள டொலோன் என்ற கிராமத்தின் மேலாகச் சென்றது. விழுந்த துகள்கள் புல்லில் படிந்தன. புல்லை ஆடும் மாடும் குதிரையும் தின்றன. பாலும் இறைச்சியுமே பிரதான உணவாகக் கொண்ட மக்கள் அவர்கள். கதிரியக்க அயடீன் பாலின் வழியாகப் பிள்ளைகளின் தைரொயிட் சுரப்பிக்குள் போய்ச் சேர்ந்தது. அயடீனின் அரைவாழ்வுக் காலம் 8 நாட்கள். அது சீக்கிரம் போய்விடும். சீசியமும் ஸ்ட்ரொன்சியமும் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 வருடங்கள் எடுக்கும். புளூட்டோனியத்துக்கோ 24,000 வருடங்கள். கரும்பலகையில் எழுதும்போது இவை வெறும் இலக்கங்கள்தான். 8 நாள் என்பது ஒரு பிள்ளையின் பால் குவளை, 30 வருடம் என்பது ஒரு தலைமுறை, 24,000 வருடம் என்பது மனித ஞாபகத்துக்கு அப்பாற்பட்டது என்று சொன்னால்தான் மாணவர்களுக்கு ஓரளவாவது விளங்கும்.

குண்டைச் செய்தவர்களும் விஞ்ஞானிகள்தான். அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோவியத் ஐதரசன் குண்டின் பிரதான சிற்பிகளில் ஒருவரான அந்த்ரேய் சகாரோவ், 1953 ஓகஸ்ட் 12இல் நடந்த முதலாவது வெப்ப அணுப் பரிசோதனையின்போது அங்கே இருந்தார். அதன் வலு 400 கிலோதொன், ஹிரோஷிமா குண்டைப் போல் இருபது மடங்குக்கும் மேல். அதற்கு முன்னர் சுற்றுவட்டாரக் கிராமத்தவர்கள் லொறிகளில் ஏற்றி அப்புறப்படுத்தப்பட்டார்கள். கரவுல் என்ற ஊரில் மட்டும் நாற்பது பேரளவில் வேண்டுமென்றே விட்டுச் செல்லப்பட்டதாக அவ்வூரார் சொல்கிறார்கள். 1955 நவம்பர் 22இல் இன்னும் பெரிய குண்டொன்று வெடித்தது. அன்று பதுங்குகுழி இடிந்து ஒரு சிப்பாயும், தூரத்துக் கிராமமொன்றில் தங்குமிடம் இடிந்து இரண்டு வயதுப் பெண் குழந்தையொன்றும் மரணமடைந்ததை சகாரோவ் பின்னர் தனது நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அன்றிரவு விருந்தில், இந்தக் குண்டுகள் எப்போதும் பரிசோதனைத் தளங்களில் மட்டுமே வெடிக்க வேண்டும், நகரங்களின் மேல் வெடிக்கக் கூடாது என்ற கருத்தில் அவர் பேசினார். பரிசோதனைக்குப் பொறுப்பாக இருந்த மார்ஷல் நெதெலின் ஓர் ஆபாசப் பகிடியால் அவருடைய வாயை அடைத்தார். குண்டைச் செய்வது உங்கள் வேலை, எங்கே போடுவது என்பது எங்கள் வேலை என்பதே அதன் பொருள்.

அதன் பின்னர் சகாரோவ் செய்த காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் கணக்குப் போட உட்கார்ந்தார். வளிமண்டலத்தில் நடக்கும் ஒவ்வொரு வெடிப்பும் காபன்-14 என்ற கதிரியக்கக் காபனை உண்டாக்குகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் 5,700 வருடங்களுக்கு மேல். அது உலகம் முழுவதும் பரவி, செடிகளில் சேர்ந்து, எல்லா மனிதர்களின் உடம்பிலும் மிகச் சிறிய அளவில் நுழைகிறது. ஒரு மெகாதொன் வெடிப்பினால் வரப்போகும் ஆயிரக்கணக்கான வருடங்களில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது அவர் கண்ட விடை. 1958இல் அதை வெளியிட்டார். பாதிக்கப்படப் போகிறவர்களில் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்கவில்லை. அவர்களுடைய நோயில் இது குண்டினால் வந்தது என்ற அடையாளமும் இருக்கப் போவதில்லை. பெயரில்லாத, முகமில்லாத அந்த மரணங்களுக்குத் தானும் பொறுப்பு என்று ஒரு பௌதிகவியலாளர் ஏற்றுக்கொண்டதே அவரைப் பின்னாளில் சமாதானத்துக்கான நோபல் பரிசு வரையும், அதன் பிறகு உள்நாட்டிலேயே நாடுகடத்தப்படும் வரையும் கொண்டுபோனது.

கணக்குப் போட முயன்ற வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களுக்கு உலகப் புகழ் கிடைக்கவில்லை. 1957இல் கஸாக் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் அத்ஷபரோவ் தலைமையில் ஒரு குழு பொலிகொனைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போனது. புற்றுநோய் நிபுணர் சயீம் பல்முகானோவும் அந்தப் பணியில் இருந்தார். மூக்கிலும் ஈறிலும் இரத்தம் வடிதல், தோலில் மாற்றங்கள், தீராத சோர்வு என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட அறிகுறிகளுக்கு, கைனார் என்ற கிராமத்தின் பெயரை வைத்தார்கள். மொஸ்கோ அதை ஏற்கவில்லை. மக்களின் உணவில் விட்டமின் போதாது, கால்நடைகளிலிருந்து தொற்றும் புருசெல்லோசிஸ் காய்ச்சல் அங்கே அதிகம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆய்வு நிறுத்தப்பட்டு, அறிக்கைகள் இரகசியமாக்கப்பட்டன.

அதே 1957இல் செமிபலாடின்ஸ்க் நகரில் ஒரு வைத்திய நிலையமும் திறக்கப்பட்டது. வாசலில் இருந்த பெயர்: புருசெல்லோசிஸ் தடுப்பு நிலையம், இலக்கம் 4. உள்ளே நடந்தது கதிர்வீச்சுக்கு உள்ளானவர்களைப் பற்றிய ஆய்வு. ஏறத்தாழ 20,000 பேர் அங்கே பதியப்பட்டார்கள். இரத்தம் எடுத்தார்கள், பரிசோதித்தார்கள், எழுதினார்கள். உங்களுக்கு என்ன வருத்தம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. சோவியத் ஆட்சி கலைந்தபோது அந்த ஆவணங்களில் ஒரு பகுதி மொஸ்கோவுக்குப் போய்விட்டது. எஞ்சியதைக் கொண்டுதான் 1991இல் கதிர்வீச்சு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமாக அது மறுபிறவி எடுத்தது. ஒரு நோயாளியிடம் பொய்ப் பெயர்ப் பலகைக்குக் கீழே இரத்தம் எடுப்பது எந்த வைத்திய ஒழுக்கத்திலும் அடங்காது. அப்படி இருந்தும், அன்று எழுதப்பட்ட அந்தக் கொப்பிகள் இல்லாவிட்டால் இன்றைய ஆய்வுகளில் பாதி நடந்திருக்காது. இந்த இரண்டையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது.

1963இல் மொஸ்கோ உடன்படிக்கை கையெழுத்தாகி, பரிசோதனைகள் நிலத்துக்குக் கீழே போயின. ஆபத்து குறைந்தது உண்மை. 1965 ஜனவரியில், சமாதான நோக்கத்துக்கான வெடிப்பு என்ற பெயரில் ஒரு குண்டைப் புதைத்து வெடிக்கவைத்து, ஷகான் நதியருகே 400 மீற்றர் அகலமான குழியைத் தோண்டி, அதில் தண்ணீரையும் நிரப்பினார்கள். வரட்சியான பிரதேசத்துக்கு நீர்த்தேக்கம் கட்டும் புதிய முறையாம். எங்கள் முன்னோர்கள் மண்வெட்டியால் குளம் கட்டிய நாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஏரி இன்றும் இருக்கிறது. அணு ஏரி என்றுதான் மக்கள் சொல்கிறார்கள்.

1989க்கு வருவோம். அந்த வருடம் பெப்ரவரியில் நடந்த நிலக்கீழ்ப் பரிசோதனையொன்றில் கதிரியக்க வாயு வெளியே கசிந்து, அருகிலிருந்த இராணுவக் குடியிருப்பின் மேலாகப் போனது. செய்தி கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமெனோவின் காதுக்கு எட்டியது. அவர் கஸகஸ்தான் எழுத்தாளர் சங்கத்தின் தலைவர். ஆரம்பத்தில் புவிச்சரிதவியல் படித்து, பாறைகளைப் பற்றி அறிந்துகொண்ட பிறகே கவிதைக்கு வந்தவர். நிலத்துக்குக் கீழே வெடித்தால் எல்லாம் கீழேயே இருந்துவிடும் என்ற கதையை நம்புவதற்கு அவருடைய படிப்பு இடம் கொடுக்கவில்லை. சோவியத் மக்கள் பிரதிநிதிகள் சபைக்கான தேர்தலில் அப்போது அவர் வேட்பாளர். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பில் கவிதை வாசிக்க வேண்டியவர், கவிதையை விட்டுவிட்டுக் கசிவைப் பற்றிய அறிக்கையொன்றை வாசித்தார். எழுத்தாளர் சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள் என்று மக்களை அழைத்தார். பெப்ரவரி 28ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

அன்று பிறந்த இயக்கத்தின் பெயர் 'நெவாடா-செமிபலாடின்ஸ்க்'. அமெரிக்கா தனது குண்டுகளைப் பரிசோதித்த நெவாடா பாலைவனம் மேற்கு ஷொஷோனி என்ற பூர்வீகக் குடிகளின் நிலம். இரண்டு வல்லரசுகளும் தத்தமது குண்டுகளை மற்றவனுடைய மண்ணில்தான் வெடித்தன என்பதை அந்தப் பெயரே சொல்லிவிட்டது. கஸாக் முதியவரும் ஷொஷோனி மனிதரும் ஒன்றாக அமர்ந்திருக்கும் படமே இயக்கத்தின் சின்னம். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. கரகந்தா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வதாக எச்சரித்தார்கள். அந்த வருடத்துக்குத் திட்டமிட்டிருந்த 18 பரிசோதனைகளில் 11 நடக்கவில்லை. 1989 ஒக்டோபர் 19இல் நடந்ததே கடைசி. அதற்கு இரண்டு மாதங்களின் பின் சகாரோவ் காலமானார். 1991 ஓகஸ்ட் 29இல், முதலாவது குண்டு வெடித்துச் சரியாக 42 வருடங்கள் கழித்து, பொலிகொன் மூடப்பட்டது. சோவியத் ஒன்றியம் அப்போது இன்னும் கலையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

விஞ்ஞானிகள் முப்பது வருடம் இரகசிய அலுமாரிக்குள் வைத்திருந்த உண்மையை ஒரு கவிஞர் சில நிமிடங்களில் வெளியே போட்டார். மக்கள் ஏற்கனவே அறிந்திருந்த, ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாதிருந்த ஒன்றை அவர் சொன்னதனாலேயே அது பலித்தது. ஆனால் வாசலை மூடியதோடு கவிஞருடைய வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. விஞ்ஞானிகளின் வேலை அன்றுதான் தொடங்கியது என்பேன்.

முதல் கேள்வி, யாருக்கு எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பது. ஆவணங்கள் இல்லை, அல்லது நம்பும்படியாக இல்லை. இங்கேதான் ஜப்பானிய, ரஷ்ய, ஐரோப்பிய, கஸாக் விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த அழகான ஒரு வேலை வருகிறது. அவர்கள் டொலோன் கிராமத்துப் பழைய கட்டடங்களின் செங்கல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். சூளையில் சுட்ட செங்கல்லுக்குள் குவாட்ஸ் மணிகள் இருக்கும். கதிர்வீச்சு படும்போது அவற்றுள் சில இலத்திரன்கள் இடம் பெயர்ந்து பளிங்குக்குள் சிக்கிக்கொள்ளும். பல தசாப்தங்களின் பின்னரும் ஆய்வுகூடத்தில் சூடாக்கினால் அவை விடுபட்டு மெல்லிய ஒளியாக வெளிவரும். ஒளியை அளந்தால், அந்தச் சுவர் மொத்தமாக எவ்வளவு கதிர்வீச்சை வாங்கியது என்று தெரியும். மனிதரின் பல்லின் மிளிரியும் இதே போன்ற சாட்சிதான். கழற்றிய பற்களைச் சேகரித்து அதையும் அளந்தார்கள். இரகசியப் பொலிசாரால் கொப்பியை எடுத்துச் செல்ல முடிந்தது. சுவரில் இருந்த செங்கல்லும் கிழவரின் கடைவாய்ப் பல்லும் அவர்களுக்குத் தப்பிவிட்டன.

இரண்டாவது கேள்வி, இது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகுமா என்பது. இதைக் கேட்காத தாய் அங்கே இருக்க மாட்டாள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் யூரி துப்ரோவாவும் கஸாக் விஞ்ஞானிகளும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பகுதி விடை. பொலிகொனுக்கு அருகே மூன்று தலைமுறையாக வாழும் 40 குடும்பங்களிடம் இரத்தம் பெற்று, பாதிக்கப்படாத பகுதிக் குடும்பங்களோடு ஒப்பிட்டார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் டிஎன்ஏயின் குறிப்பிட்ட சில பகுதிகளில், நேரடியாகக் கதிர்வீச்சுக்கு உள்ளான தலைமுறையில் விகாரங்களின் வீதம் ஏறத்தாழ 80 சதவீதமும், அவர்களின் பிள்ளைகளின் தலைமுறையில் 50 சதவீதமும் கூடுதலாக இருந்தது. அந்த இரண்டாம் தலைமுறையிலும் பிந்திப் பிறந்த பெற்றோரிடத்தில் வீதம் குறைந்துகொண்டே வந்தது. திறந்தவெளிப் பரிசோதனைகளை நிறுத்திய 1963 உடன்படிக்கையின் பலனை இரத்தத்திலேயே காண முடிந்தது என்று இதைச் சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அவர்கள் பார்த்த டிஎன்ஏ பகுதிகள் உடலின் புரதங்களை உண்டாக்கும் கட்டளைகளைக் கொண்டவை அல்ல. எனவே அங்கே விகாரம் கூடியிருப்பது நோய் கூடியிருப்பதற்குச் சமமாகாது. ஓரிடத்தில் புற்றுநோய் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒரு சனத்தொகைக்குச் சொல்லலாம். இந்தப் பெண்ணின் கட்டி அந்தக் குண்டினால் வந்தது என்று ஒருவருக்குச் சொல்வது அநேகமாக முடியாத காரியம். விஞ்ஞானத்தின் இந்த நேர்மையான தயக்கத்தை நட்டஈடு கொடுக்க விரும்பாதவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். நிரூபிக்கப்படவில்லை என்பார்கள். நிரூபிப்பதற்கு வேண்டிய கொப்பிகளை எடுத்துச் சென்றது யார் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் கலைஞர்கள் வந்து நிற்கிறார்கள். கரிப்பெக் குயுகோவ் 1968இல் பொலிகொனிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றரில் உள்ள எகிந்திபுலாக் கிராமத்தில் இரு கைகளும் இல்லாமல் பிறந்தவர். வாயாலும் கால் விரல்களாலும் தூரிகை பிடித்து ஓவியம் வரைகிறார். பாதிக்கப்பட்டவர்களின் முகங்களை வரைந்து, பரிசோதனைகளுக்கு எதிராக உலகம் முழுவதும் பேசி வருகிறார். உஸ்பெக் எழுத்தாளர் ஹமீத் இஸ்மாயிலோவ் ஒரு சிறிய நாவல் எழுதினார். வயலின் வாசிப்பதில் கெட்டிக்காரனான யெர்ஷான் என்ற சிறுவன், தனக்குப் பிடித்த சிறுமிக்கு வீரம் காட்ட அந்த இறந்த ஏரிக்குள் இறங்குகிறான். அதோடு அவனுடைய வளர்ச்சி நின்றுவிடுகிறது. அவளோ உயர்ந்துகொண்டே போகிறாள். ரயிலில் அவனைச் சந்திக்கும் பயணி ஒரு பொடியன் என்று நினைக்கிறார். அவனுக்கு வயது 27. எந்த ஆய்வுக் கட்டுரையும் சொல்ல முடியாத ஒன்றை, காலம் ஒரு மனிதனுக்கு மட்டும் நின்றுபோவதை, அந்தக் கற்பனை சொல்லிவிடுகிறது. அல்மாகுல் மென்லிபயேவா 2012இல் செய்த ஒளிப்படைப்பு ஒன்று குர்ச்சத்தோவ் நகரைப் பற்றியது. விஞ்ஞானிகளும் படையினரும் வாழ்ந்த, வரைபடத்திலேயே இல்லாதிருந்த நகரம் அது. இடிந்த கட்டடங்களையும் அங்கு வாழ்ந்தவர்களின் வாக்குமூலங்களையும் பல திரைகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார் அவர்.

ஆனால் எல்லாப் படங்களும் நன்மை செய்வதில்லை. செமிபலாடின்ஸ்க் என்று தேடினால் முதலில் வருவது கண்ணாடிப் போத்தல்களில் வைக்கப்பட்ட, உருக்குலைந்த சிசுக்களின் படங்கள். ஓகஸ்ட் மாதத்தில் அவை வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும். பகிர்பவர்கள் நல்ல மனதோடுதான் பகிர்கிறார்கள். அந்த ஊரில் இன்று கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கும்போது 'பொலிகொன் பக்கத்தவள்' என்ற ஒரு சொல் போதும். பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று எங்கள் ஊர்களிலும் தரகரிடம் மெதுவாகக் கேட்பது எமக்குப் புதிதல்ல. 2011இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், செமேய் நகர வைத்தியர் ஒருவர் பாதிக்கப்பட்ட பகுதியினர் பிள்ளை பெறுவதற்கு முன்னர் 'பரம்பரையலகுக் கடவுச்சீட்டு' எடுக்க வேண்டும் என்று வாதிட்டார். குண்டு போட்டவர்களிடம் யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. தாய்மாரிடம் கேட்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது, அந்த வைத்தியர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சொல்லியிருந்தாலும்.

மானிடவியலாளர் மக்டலேனா ஸ்டவ்கோவ்ஸ்கி பொலிகொன் ஓரத்துக் கிராமமொன்றில் தங்கி ஆய்வு செய்தபோது, வேறொரு விதமான பேச்சைக் கேட்டார். எங்கள் உடம்பு கதிர்வீச்சுக்குப் பழகிவிட்டது, வெளியே போனால்தான் எங்களுக்கு வருத்தம் வருகிறது என்று அங்குள்ளவர்கள் சொன்னார்களாம். விஞ்ஞான ஆசிரியன் என்ற வகையில் இது பிழை என்று சிவப்புப் பேனையால் கோடு போட வேண்டும். ஆனால் அரசும் கூட்டுப்பண்ணையும் வைத்தியரும் கைவிட்டுப் போன பிறகு, போக இடமில்லாத மக்கள் தங்கள் மானத்தைக் காத்துக்கொள்ளச் சொல்லும் பேச்சு இது. அதை நோயாளிகளின் அறியாமை என்று மட்டும் வாசித்தால் நாங்களும் இலக்கம் 4 நிலையத்து ஆட்களைப் போல் ஆகிவிடுவோம்.

அப்படிக் கைவிடப்பட்ட காலத்தில் இன்னொன்றும் நடந்தது. வேலையிழந்தவர்கள் பொலிகொனுக்குள் புகுந்து, டெகெலென் மலைச் சுரங்கங்களிலிருந்து செப்புக் கம்பிகளைத் தோண்டி விற்றார்கள். பழைய இரும்பு யாவாரம் எல்லா நாட்டு ஏழைகளுக்கும் தெரிந்த தொழில்தானே. ஆனால் சில சுரங்கங்களில் முழுமையாக வெடிக்காத புளூட்டோனியம் கிடந்தது. அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தின் முன்னாள் பணிப்பாளர் சீக்ஃப்ரிட் ஹெக்கர் 1998இல் நேரில் போய் இந்தத் தோண்டலைக் கண்டார். எடுத்த படங்களை ரஷ்ய விஞ்ஞானிகளிடம் காட்டினார். எதிரெதிர் முகாம்களில் குண்டு செய்தவர்கள், எங்கே எதை விட்டு வந்தோம் என்ற இரகசியத்தை ஒருவருக்கொருவர் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்ற நிலை. மூன்று நாடுகளும் சேர்ந்து, பெரும்பாலும் வெளியே தெரியாமல், 2012 வரை அந்த மலையைக் கொங்கிரீட்டால் அடைத்தன. பன்னிரண்டுக்கும் மேற்பட்ட குண்டுகளுக்குப் போதுமான புளூட்டோனியம் அதற்குள் இருக்கிறது என்பது மதிப்பீடு.

இன்றைய கஸகஸ்தானைப் புனிதராக்கவும் தேவையில்லை. சுதந்திரத்தோடு கைக்கு வந்த 1,400க்கும் மேற்பட்ட அணுவாயுதங்களை அது 1995க்குள் ஒப்படைத்தது பெரிய விடயம். அதே நாடுதான் இன்று உலகிலேயே அதிக யுரேனியத்தைத் தோண்டி விற்கிறது. 2024 ஒக்டோபரில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் அணுமின் நிலையம் கட்டுவதற்கு 71 சதவீதமானோர் ஆம் என்றார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கென 1992இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ், வாழ்ந்த வலயத்தையும் வருடங்களையும் பார்த்துச் சான்றிதழும் ஒருமுறைக் கொடுப்பனவும் வழங்கப்படுகின்றன. அது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்ற முறைப்பாடு முப்பது வருடமாகத் தொடர்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் 15 இலட்சம் பேர் என்பது அரசாங்கமே சொல்லும் தொகை.

கஸாக் மக்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தன் தந்தை வழியில் ஏழு தலைமுறை முன்னோர்களின் பெயரை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஏழு தலைமுறைக்குள் திருமண உறவு கூடாது. 1949இல் குழந்தையாக இருந்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இப்போது பிறந்துகொண்டிருக்கிறார்கள். விஞ்ஞானிகள் மூன்றாம் தலைமுறை வரையில் ஓரளவு எண்ணிவிட்டார்கள். அபாயின் ஊரில் ஒரு பிள்ளை ஏழு பெயர்களைச் சொல்லும்போது, அதில் மூன்றாவது அல்லது நான்காவது பெயர் அந்த மேகத்தின் கீழ் நின்ற ஒருவருடையது.

எமது நாட்டுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடயங்கள். 1996இல் அணுவாயுதங்களின் சட்டபூர்வத்தன்மை பற்றிச் சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியபோது, எந்தச் சூழ்நிலையிலும் அவற்றின் பாவனை சட்டவிரோதமே என்று தனியாக எழுதியவர் இலங்கையரான நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி. இஸ்லாமிய சட்டவியல் பற்றி நூல் எழுதிய அவர், யுத்தத்துக்கு எல்லை வகுத்த பல சமய மரபுகளோடு இஸ்லாமிய மரபையும் அதில் எடுத்துக்காட்டினார். இன்னும் பிறக்காத சந்ததியினரின் உரிமையையும் பேசினார். இரண்டாவது, 2023 செப்டம்பரில் இலங்கை அணுவாயுதத் தடை உடன்படிக்கையில் இணைந்தது. குண்டுகளைத் தடை செய்வதோடு அது நிற்கவில்லை. பரிசோதனைகளால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவுவதையும், மாசடைந்த நிலத்தைச் சீர்செய்வதையும் கடமையாக்குகிறது. இயன்ற அளவில் ஏனைய அங்கத்துவ நாடுகளும் அதற்குக் கைகொடுக்க வேண்டும் என்று அதன் 7ஆவது உறுப்புரை சொல்கிறது. கஸகஸ்தானும், பிரித்தானியாவும் அமெரிக்காவும் குண்டு வெடித்த தீவுகளைக் கொண்ட கிரிபாட்டியும் சேர்ந்து இந்த வேலையை முன்னெடுக்கின்றன. இதே நோக்கத்தோடு அவை 2023இல் ஐ.நா. பொதுச் சபையில் கொண்டுவந்த தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளுள் ரஷ்யாவும் பிரான்சும் பிரித்தானியாவும் இருந்தன.

பாதிக்கப்பட்டவர்களுக்கான சர்வதேச நிதியம் ஒன்றை அமைப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. 2025 மார்ச்சில் நியூயோர்க்கில் கஸகஸ்தானின் தலைமையில் கூடிய அங்கத்துவ நாடுகளின் கூட்டத்திலும் அதை எப்படி அமைப்பது, யார் பணம் போடுவது என்பதில் முடிவு எட்டப்படவில்லை. பணக் கஷ்டத்தில் இருக்கும் எமது நாடு பெரிய தொகை கொடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதிர்வீச்சு மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் படித்த வைத்தியர்கள் எம்மிடம் இருக்கிறார்கள். ஒரு மருத்துவக் குழுவைப் பரிமாறிக்கொள்வதும் அந்த உறுப்புரையின் கீழ் உதவிதான். வெளிவிவகார அமைச்சில் இந்த உடன்படிக்கையைக் கையாளும் அதிகாரிகளிடம், இலங்கை இதுவரை என்ன முன்வைத்திருக்கிறது என்று எமது பாராளுமன்ற உறுப்பினர் எவராவது ஒரு வாய்மூலக் கேள்வியாகக் கேட்கலாம்.